மூன்று எண்கள் ஒத்துப்போன வண்டி

போன மாதம் அபுதாபி முசஃபாவிலிருந்து ரஃபீக் போன் செய்தான். நான் வேலை பார்த்த காரேஜில் இப்போது அவன்தான் சீனியர் மெக்கானிக், ராமநாதபுரத்துக்காரன். "அண்ணே, அந்தப் பழைய ராணுவ வண்டி சர்வீஸுக்கு வந்திருக்கு. கியர் பெடல் முழங்காலப் பாத்து ஒதைக்குது. என்ன செய்யணும்?" என்று கேட்டான். அரைகுறையாக மிதித்தால் அது உதைக்கத்தான் செய்யும், அடிவரைக்கும் மிதித்து ஒரு கணம் நிறுத்திவிட்டுக் காலை எடு என்றேன். சரி என்றவன் கொஞ்சம் தயங்கி, "இந்த வண்டி முன்னாடி யாருதுண்ணே? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான்.

அதற்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகும் எனக்கு ஒன்றும் தெளிவாக இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் குளச்சல் பக்கம். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு வள்ளத்தில் ஏறினாலே குமட்டும் என்பதால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க அனுப்பினார்கள். நாகர்கோவிலில் லாரிப் பட்டறையில் நாலு வருஷம், ஷார்ஜா தொழில்பேட்டையில் வெல்டராக ஆறு வருஷம், அதன்பிறகு முசஃபாவில் இருபத்திரண்டு வருஷம். படித்தது அவ்வளவுதான். வேலை தெரிந்துகொண்டது சிவநேசன் அண்ணையிடம்.

சிவநேசன் அண்ணை எங்கள் காரேஜின் ஃபோர்மேன், யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வண்டி வந்தால் முதல் அரைமணி நேரம் அதைத் தொடமாட்டார், தொடவும் விடமாட்டார். சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். பிறகுதான் ஸ்பானர். கழற்றுகிற ஒவ்வொரு சாமானுக்கும் கம்பி கோத்த ஒரு அட்டை கட்ட வேண்டும். அட்டையில் மூன்று வரி. முதல் வரியில் அது என்ன சாமான். இரண்டாவதில் எங்கேயிருந்து கழற்றியது. மூன்றாவதில் அது உனக்கு எப்படித் தெரியும். இந்த மூன்றாவது வரியைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

"தெரியாட்டி தெரியாது எண்டு எழுது தம்பி. அதுவும் ஒரு தகவல்தான். பிழையா எழுதினால், பின்னால வாறவன் அதை நம்பி வேலை செய்வான்" என்றார்.

அவர் சொன்னதை மீறி ஒருமுறை மாட்டிக்கொண்டதும் இந்த வண்டியில்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டி ஒரு பழைய இரும்புக் கிடங்கிலிருந்து லோ-பெட் லாரியில் வந்தது. அபுதாபியில் பழைய வண்டிகள் சேர்க்கும் ஒரு பெரிய மனிதர் வாங்கியிருந்தார். நாங்கள் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்போம். இரண்டு பேர் உட்காரும் சின்ன வேவு வண்டி. நாலு சக்கரம், மேலே சாய்வு சாய்வாக வெட்டிய இரும்புத் தகடு. சாதாரணத் துப்பாக்கிக் குண்டைத் தாங்கும், அதற்குமேல் தாங்காது. ஃபெரெட் என்று பெயர். முயல் வளைக்குள் விடுகிற, கீரி மாதிரியான ஒரு பிராணியின் பெயராம்.

இந்த வண்டியில் ஒரு பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டின மாதிரிச் சுற்றும். மணலில் பிரச்சினை இல்லை. கெட்டித் தரையில் கொஞ்சம் ஓட்டினால் உள்ளே இருக்கிற தண்டுகள் ஈரத்துணி முறுக்கியது போல முறுக்கிக்கொள்ளும். ஜாக்கி போடுவதற்கு முன் ஒரு செங்கல் மேல் ஏற்றி இறக்கி அந்த முறுக்கை விட வேண்டும். அண்ணை சொல்லியிருந்தார். நான் அவசரத்தில் அப்படியே ஜாக்கி போட்டேன். சக்கரம் தரையை விட்டதும் தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. அதில் மாட்டியிருந்த ஸ்பானர் பறந்து என் காதோரம் போய்ச் சுவரில் அடித்தது. அண்ணை வந்து சுவரில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். "இனி விளங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அர்பாபுக்கு ஒரு ஆசை. வண்டி ராணுவத்தில் இருந்தபோது என்ன எண் இருந்ததோ அதே எண்ணை மறுபடி எழுத வேண்டும். அதைக் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு வந்தது. தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் பெயிண்டை ஒவ்வொரு பூச்சாகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் இரண்டு பூச்சு சேர்ந்து போய்விடும். மேலே மஞ்சள், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே வெளிர் மண்நிறம். பதினோரு நாள் தேய்த்தேன். இடது பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே, மண்நிறத்தின் மேல் வெள்ளையாக அரபி எண்கள் தெரிந்தன. முதலில் மூன்று, ஏழு. கடைசியில் ஒன்று. நடுவில் இரண்டு எண்களின் இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து துரு மட்டும் இருந்தது.

அர்பாபின் மகன் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, குவைத்திலிருந்து ஒருவர் வந்தார்.

அவரை எல்லோரும் அபூ நாசர் என்றார்கள். ஃபஹாஹீலில் வீடு. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அப்பாவோடு பம்பாயில் இருந்ததால் இந்தி நன்றாகப் பேசினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்தார். இதே மாதிரி வண்டி ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு வாலிபன் சிரித்துக்கொண்டிருந்தான். அவருடைய தம்பி காலித். ராணுவத்தில் வேவு வண்டி ஓட்டினவன். தொண்ணூறில் குவைத்துக்குள் படை புகுந்த அந்த ஆகஸ்டு மாதம், முதல் நாள் காலையில் வண்டியோடு போனான். அவனும் திரும்பவில்லை, வண்டியும் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

படத்தில் வண்டியின் எண் தெளிவாக இருந்தது. மூன்று, ஏழு, ஐந்து, நான்கு, ஒன்று.

அவர் வண்டியின் பக்கத்தில் குனிந்து, நான் தேய்த்த இடத்தைப் பார்த்தார். மூன்று, ஏழு, ஒன்று. நிமிர்ந்து அண்ணையைப் பார்த்து, "இது அவனுடைய வண்டிதானே?" என்று கேட்டார்.

அண்ணை நிதானமாகச் சொன்னார். "மூன்று எண் ஒத்துப்போகிறது. இரண்டு எண் இல்லை. எங்களுக்குத் தெரியாது."

அபூ நாசர் தலையை ஆட்டினார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானே கையால் தேய்த்தாய். நீ சொல்."

அந்த முகத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கெஞ்சுகிற முகம் இல்லை. டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களின் முகம். நான், "இதுதான் என்று நினைக்கிறேன்" என்றேன். நினைக்கிறேன் என்பது என் வாயில் வந்தது. அவர் காதில் விழவில்லை. அவர் இரண்டு கையையும் அந்தத் தகட்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெயிலில் கிடந்த இரும்பு. சுட்டிருக்கும்.

அவர் போன பிறகு அண்ணை தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த நாள் டீ நேரத்தில்தான் கேட்டார்.

"ஏன் சேவியர் அப்பிடிச் சொன்னனீ?"

"அண்ணே, அவருக்க மொகத்தப் பாத்தப்ப எனக்கு வேற ஒண்ணும் வரல."

"ம்" என்றார். டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"எங்கட அண்ணன் ஒருத்தர் சண்டை நேரம் காணாமல் போனவர். அப்ப எனக்குப் பத்தொன்பது வயது. ரெண்டு மாசத்துக்குப் பிறகு ஒரு மனிசன் வீட்டை வந்தார். அம்மாவிட்ட, உங்கட மகனை ஒரு முகாமில கண்டனான், மெலிஞ்சிருக்கிறார், ஆனால் சுகமா இருக்கிறார் எண்டு சொன்னார். அம்மா அந்த முகாம் வாசலுக்குப் போகத் தொடங்கினா. சாகும்வரைக்கும் போனா. கன வருசத்துக்குப் பிறகு நான் அந்த மனிசனைக் கண்டு கேட்டனான். நான் உங்கட அண்ணனைக் காணேல்லை தம்பி, அம்மான்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் சொல்லிப்போட்டன் எண்டார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவர் கெட்டவர் இல்லை. நல்ல மனிசன். அதுதான் எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அபூ நாசர் அதன்பிறகு மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். பேரீச்சம்பழம் கொண்டுவருவார். காலித்தைப் பற்றிச் சொல்வார். இரும்புக் கடைக்காரர்களிடம் காலித் போட்ட சண்டை, அவன் வளர்த்த புறா, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண்ணுக்கு எழுதின கடிதம். நான் வேலை செய்துகொண்டே கேட்பேன். வண்டியின் என்ஜின் ஓட ஆரம்பித்த அன்று அவருக்குப் போன் செய்து சத்தத்தைக் கேட்க வைத்ததும் நான்தான்.

இதற்கிடையில் வலது பக்கத்தைத் தேய்க்கிற வேலை மீதம் இருந்தது. அந்தப் பக்கம் பின்னாளில் யாரோ தண்ணீர்க் கேன் வைக்க ஒரு தகட்டை வெல்டு செய்திருந்தார்கள். அதைச் சுற்றித் தேய்த்தபோது தகட்டின் ஒரு ஓரத்தில் மூன்று, ஏழு வந்தது. மறு ஓரத்தில் ஒன்று வந்தது. நடு எண்கள் இரண்டும் தகட்டுக்கு அடியில் இருக்கின்றன என்று புரிந்தது. வெல்டு ஓரத்தில் மட்டும்தான். நடுவில் பெயிண்ட் பத்திரமாக இருக்கும்.

வாட்டர் பேப்பரைக் கீழே வைத்தேன். அந்தப் பக்கத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து விட்டேன். பிரேக் வேலை முதலில் முடிக்கலாம் என்றேன். பிறகு வயரிங் என்றேன். இப்படி ஐந்து வாரம். வெல்டை அறுக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். அண்ணைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தார்ப்பாயை ஒருநாள் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டதை நான் கண்டேன்.

பிறகு அபூ நாசர் போன் செய்தார். வண்டியின் முதல் ஓட்டத்துக்குத் தன் தங்கையைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னார். அவள் வீட்டை விட்டே அதிகம் வெளியே வராதவள், இதற்காக வருகிறாள் என்றார்.

நான் அதை அண்ணையிடம் சொன்னேன். அவர் கிரைண்டரை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார். "அந்தத் தங்கச்சி வாறதுக்கு முதல் உந்தத் தகட்டை வெட்டு."

வெட்டினேன். தகடு தரையில் விழுந்தது. அடியில் பெயிண்ட் நேற்று அடித்தது மாதிரி இருந்தது. இரண்டு, எட்டு.

மூன்று, ஏழு, இரண்டு, எட்டு, ஒன்று. காலித்தின் வண்டி இல்லை.

தங்கையைக் கூட்டிவர வேண்டாம், முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள் என்று போன் செய்தேன். குரலிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாளே விமானம் ஏறி வந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை, இடத்தைக் காட்டினேன். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார். இரண்டுக்கும் எட்டுக்கும் வந்தபோது விரல் நின்றது.

"நான் அன்றைக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது" என்றேன்.

அவர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த எண்களையே மறுபடி பார்த்து, "அப்படியானால் இதை ஓட்டினவன் யார்? அவன் வீட்டிலும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்களே" என்றார்.

எண்ணை எழுதிக்கொண்டு போனார். அதன்பிறகு ஏழெட்டு மாதம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வண்டி வேலை முடிந்து, அர்பாபின் கொட்டகையில் இடம் தயாராகும்வரை எங்கள் முற்றத்திலேயே நின்றது.

அவர் மறுபடி வந்தபோது, பின்னாலேயே இன்னொரு டாக்ஸியில் ஒருவர் வந்து இறங்கினார். ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது, கனத்த உடம்பு, குவைத்தில் பள்ளிக்கூட பஸ்களுக்குப் பொறுப்பாக இருப்பவர். யூசுஃப் என்று பெயர். அபூ நாசர், "இவர்தான் இருபத்தெட்டு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. செத்துப்போன ஒருவனின் குடும்பத்தைத் தேடப் போனவருக்கு, உயிரோடு இருக்கிற ஓட்டுநர் கிடைத்திருக்கிறார்.

யூசுஃப் வண்டியை நெருங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. "மாஃபி, வேண்டாம், பார்த்தது போதும்" என்று இரண்டு தடவை திரும்பி நடந்தார். மூன்றாவது தடவை வந்து, சட்டென்று மேலே ஏறி உள்ளே இறங்கிவிட்டார். அந்த உடம்போடு அந்தத் துவாரத்துக்குள் அவர் இறங்கிய விதத்தைப் பார்த்தபோது சந்தேகமே இல்லை. கை எதையும் தேடவில்லை. பெடலை அடிவரைக்கும் மிதித்தார். வண்டியை அசைத்தார், முன்னால் இல்லை, பின்னால். அந்த வண்டிக்கு முன்னால் போக எத்தனை கியரோ அத்தனை கியர் பின்னால் போகவும் உண்டு. முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, தலையைத் திருப்பிக்கொண்டு, வேகமாகப் பின்னாலேயே ஓட்டிப் போய் நிறுத்தினார். இறங்கி வந்தபோது முகம் முழுக்க வியர்வை.

பிறகு நிழலில் உட்கார்ந்து சொன்னார். அரபியில்தான் சொன்னார். அபூ நாசர் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கினார். எங்களுக்குப் பாதி புரிந்தது, மீதியை அவர் இந்தியில் சொன்னார்.

அன்று பாதிப் பேர் லீவில் இருந்தார்களாம். இரண்டு பேர் போக வேண்டிய வண்டியில் ஒவ்வொருவராகப் போனார்கள். "எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். சண்டை போடாதே. பார், திரும்பி வந்து சொல். நான் பார்த்தேன். சாலை முழுக்க டாங்கிகள். பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். சொல்வதற்கு முகாமில் ஆள் இல்லை. வண்டியை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொன்னதில்லை."

அபூ நாசரைப் பார்க்காமல், "வருகிற வழியில் காலித்தின் வண்டி சாலையோரம் நின்றது. அவன் மேலே நின்றுகொண்டு கையைத் தூக்கினான். நான் நிற்கவில்லை" என்றார்.

பக்கத்து ஷெட்டில் யாரோ தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அபூ நாசர் கேட்டார். "எந்தக் கை?"

யூசுஃப் யோசிக்கவில்லை. "இடது."

"அவன் இடது கைக்காரன்" என்றார் அபூ நாசர். எங்களுக்காக அதை இந்தியிலும் சொன்னார். பிறகு யூசுஃபிடம், "காட்டு. எப்படித் தூக்கினான், காட்டு" என்றார். யூசுஃப் கையைத் தூக்கிக் காட்டினார். மறுபடி காட்டச் சொன்னார். மூன்று நாலு தடவை. உள்ளங்கை வெளியே தெரிய, தலைக்கு மேல், லேசாக ஆட்டி.

"இத்தனை வருஷமும் அவன் என்னை நிற்கச் சொன்னான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் யூசுஃப்.

"இல்லை. அவன் அப்படிக் கையைத் தூக்கினால் போ என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன்னைப் போகச் சொல்லியிருக்கிறான்" என்றார் அபூ நாசர்.

யூசுஃப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற மனிதர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி, முதல் கப்பை யூசுஃபின் கையில் கொடுத்தார். வெவ்வேறு டாக்ஸியில் வந்தவர்கள் போகும்போது ஒரே டாக்ஸியில் போனார்கள்.

எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. நான் அன்றைக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அபூ நாசர் அன்றே ஊருக்குப் போயிருப்பார். மாதாமாதம் வந்திருக்கமாட்டார், இரண்டையும் எட்டையும் பார்த்திருக்கமாட்டார், யூசுஃபைத் தேடியிருக்கமாட்டார். அதற்காக நான் சொன்னது சரியாகிவிடுமா? தங்கையைக் கூட்டிவந்த பிறகு தகடு விழுந்திருந்தால்? இரவில் இதை நினைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அன்று மாலை அண்ணை பிக்கப்பில் என்னைத் தொழிலாளர் கேம்ப்புக்குக் கொண்டுவிட்டார். சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"அண்ணே, காலித் போகத்தான் சொன்னான்னு அவரு சொன்னாருல்லா. அது நெசமா இருக்குமா?"

அவர் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் தமையன். தம்பி கை தூக்குறது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"எங்கட அண்ணன் எப்பிடிக் கையைத் தூக்குவார் எண்டு எனக்கு இப்ப ஞாபகம் இல்லை, சேவியர். நானும் காலமையில இருந்து யோசிக்கிறன். வருகுதில்லை."